வடசென்னைப் பேச்சைக் கதையில் எழுதும்போது அது ஏன் வேடமாகத் தெரிகிறது?

வடசென்னையிலேயே பிறந்து வளர்ந்தும், உங்கள் பகுதி மனிதர்களின் பேச்சை அவர்கள் வழக்கிலேயே கதையில் எழுதினால் வேடம் கட்டியது போல் இருக்கிறது, எழுத்துத் தமிழில் எழுதினாலோ உயிர் போய்விடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வடசென்னையின் பட்டாளம் பகுதியில் வளர்ந்தவள். எட்டு ஆண்டுகளாகச் சிறுகதை எழுதிப் பழகுகிறேன். நான்கு கதைகள் மட்டுமே அச்சேறியிருக்கின்றன. இதே சிக்கலில் நெடுநாள் கிடந்தவள் என்பதால், எனக்குப் பிடிபட்ட அளவில் சொல்கிறேன்.

என் தாத்தா பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில்லில் தறி ஓட்டியவர். அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார், 1996இல் மில் மூடப்படும் வரை. என் முதல் கதை அந்த மில்லைப் பற்றியது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, 1921 வேலைநிறுத்தம், மில் மூடல் என்று எனக்குத் தெரிந்த அனைத்தையும் எட்டுப் பக்கங்களுக்குள் பாத்திரங்களின் வாயில் திணித்திருந்தேன். ஓர் இதழ் அதைத் திருப்பி அனுப்பி, வடசென்னை மணம் போதவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தது. நான் அதை நம்பி, உரையாடல் முழுவதும் 'கஸ்மாலம்', 'பேமானி', 'சோமாரி' என்று தூவி, யாரையும் 'இன்னா' இல்லாமல் வாய் திறக்கவிடாமல் திருத்தி எழுதினேன். அதை அத்தைக்குப் படித்துக் காட்டியபோது, பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, "யாரு இவன்? நம்ம ஊட்ல யாரு இப்டி பேசிக்கினு இருந்தா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். நான் எழுதியிருந்தது எங்கள் வீட்டுப் பேச்சே அல்ல. வெளியில் இருப்பவர்கள் எங்களிடம் எதிர்பார்க்கும் பேச்சு.

அதற்குப் பிறகுதான் அத்தையின் பேச்சையே கவனிக்கத் தொடங்கினேன். அவர் விடியுமுன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், ஏலத்தில் சங்கரா, கானாங்கத்தை மீன்களை எடுத்துவந்து, பட்டாளம் மார்க்கெட்டில் விற்றவர். ஏலத்தில் அவர் வாயிலிருந்து எண்களைத் தவிர வேறு சொல் வராது. மார்க்கெட்டில் வாடிக்கைக்காரர்களிடம் உறவு சொல்லிக் கொஞ்சுவார், கோபித்துக்கொள்வார். வீட்டில் எங்களிடம் "ஜொரம் வுட மாட்டேங்குது" என்று சொன்னவர், அன்று மாலையே அரசு மருத்துவமனையில், "மூணு நாளா காய்ச்சல் இருக்குதுங்க டாக்டர்" என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் வரத்துக் குறையும்போது, வட்டிக்குக் கொடுப்பவரிடம் அவர் பேசிய தமிழ் இன்னொன்று. அதில் 'ங்க' சேராத சொல்லே இருக்காது. இவை அனைத்தையும் 'இருக்கிறது' என்பதை 'கீது' என்னும் ஒரே வழக்கில் நான் எழுதிவிட்டால், மருத்துவர் முன் அவருக்கிருந்த அச்சமும், வட்டிக்காரர் முன் அவர் விழுங்கிய கோபமும் கதையை விட்டே போய்விடும். எனவே இப்போது ஓர் உரையாடலை எழுதத் தொடங்குமுன் இவர் யார் என்பதோடு நிற்காமல், எதிரில் நின்று கேட்பவர் யார் என்றும் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்தில் ஏற்பட்ட பெரிய மாற்றம் இந்த ஒரு கேள்வியால் வந்ததுதான்.

எழுத்துக்கூட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பேச்சில் 'நாஷ்டா', 'பேஜார்' போன்ற உருதுச் சொற்களும், 'நைனா', 'டப்பு' போன்ற தெலுங்குச் சொற்களும் இயல்பாகக் கலந்திருக்கின்றன. பல ஊர் மக்கள் பிழைக்க வந்த துறைமுக நகரத்தின் மொழி அப்படித்தான் இருக்கும். அவற்றைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் பேச்சின் ஓட்டத்தைத் தாங்குவது தனிச்சொற்களைவிட வினைமுடிவுகளும் சொல் வரிசையும்தான் என்பது என் அனுபவம். 'சொல்லிக்கொண்டு' என்பதை 'சொல்லிக்கினு' என்றும், 'அழைத்துக்கொண்டு போ' என்பதை 'இட்டுனு போ' என்றும் எழுதினாலே அந்த வாக்கியம் எந்தத் தெருவுடையது என்பது புரிந்துவிடும். மற்றச் சொற்களை வழக்கமான எழுத்திலேயே விட்டுவிடலாம். ஒலிக்கும் விதத்திலேயே ஒவ்வொரு எழுத்தையும் மாற்றினால், திருநெல்வேலியில் இருந்து வாசிப்பவர் எழுத்துக்கூட்டிப் படிப்பதிலேயே களைத்துவிடுவார். கதைசொல்லும் பகுதிகளை நான் எழுத்துத் தமிழில்தான் எழுதுகிறேன். முழுக் கதையையும் வழக்கிலேயே சொல்ல இன்னும் துணிவு வரவில்லை.

தாத்தாவின் கதைக்கு வருகிறேன். தறி இரைச்சலில் பல ஆண்டுகள் நின்றதால் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்த ஓர் அறை வீட்டில் நாங்கள் எல்லோரும் உரக்கப் பேசினோம், கொஞ்சுவதையும்கூட. யாராவது குரலைத் தாழ்த்தி, கையால் வாயை மறைத்தால்தான் அவர் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார். ஆகவே மறைக்க வேண்டியதை அம்மா அடுப்பின் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில் சொல்வார். மில் மூடிய ஆண்டில் எங்கள் வீட்டில் பேசப்பட்ட முக்கியமான செய்திகள் பெரும்பாலும் அம்மாவின் முதுகுப்புறமிருந்துதான் கேட்டன. இத்தனை ஆண்டுகளாக இதை நான் கதைக்குரிய பொருளாகவே நினைக்கவில்லை. சங்க வரலாற்றைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு அந்தக் கதையை மூன்றாம் முறையாக எழுதினேன். சங்கம், போராட்டம், ஆண்டுக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மருமகள் அடுப்பைப் பார்த்தபடி, பின்னால் நிற்கும் கணவனிடம் சொல்லும் வரி இது: "வளையல வெச்சிட்டேன். ஒண்ணும் கேக்காத. சோறு போடட்டா?" வடசென்னைக்கே உரிய சொல் என்று இதில் ஒன்றுகூட இல்லை. இதையும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கதை முடிந்த பிறகும் சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "எந்தக் கடைல வெச்சா?" என்று கேட்டார்.