கழுவி முடித்த பிறகும் டிஷ்வாஷரின் அடியில் தண்ணீர் நிற்கிறது

வணக்கம். இரண்டு அங்குலத் தண்ணீர் வடியாமல் நிற்கிறது, பம்ப் உறுமும் சத்தம் மட்டும் கேட்கிறது, ஃபில்டரைக் கழுவியும் பயனில்லை என்கிறீர்கள். ஃபில்டருக்குக் கீழே குழியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தங்கும், அது கோளாறு அல்ல. ஆனால் இரண்டு அங்குலம் அதிகம்.

சத்தம் வருவதால் பம்புக்கு மின்சாரம் போகிறது. மோட்டார் போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள்; பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் விசிறியில் ஏதோ சிக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்து, ஃபில்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பல மாடல்களில் பம்பின் மேல் சிறு மூடி இருக்கும். அதை எடுத்தால் விசிறி தெரியும். கண்ணாடிச் சில்லு, பல்குத்தும் குச்சி எல்லாம் இங்கேதான் மாட்டும், அதனால் கையுறை இல்லாமல் விரலை விடாதீர்கள். விசிறி வெட்டி வெட்டிச் சுற்றினால் பயப்பட வேண்டாம், உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் சுற்றும்.

விசிறி சரியாக இருக்கிறதா? அப்புறம் வடிகால் ஹோஸ். சிங்க் அடியில் அதன் முனையைக் கழற்றி வாளிக்குள் விடுங்கள். கழற்றிய மூடியையும் ஃபில்டரையும் திரும்ப மாட்டி, மெஷினுக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பிளக்கைச் செருகி, தண்ணீரை வெளியேற்றும் புரோகிராமை ஓடவிடுங்கள். வேகமாகக் கொட்டினால் மெஷினில் குறையில்லை, சிங்க் குழாயில்தான் அடைப்பு. கொட்டாவிட்டால் ஹோஸ் பின்பக்கம் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.