எடை குறைந்த குழந்தை: கழுதைப்பால்காரரை வாசலிலேயே நிறுத்துங்கள்

கேள்வி: விருத்தாசலம் பக்கம் கிராமம். மகளுக்கு 36 வாரத்திலேயே பேரன் பிறந்து 10 நாள் ஆகிறது. எடை 1.9 கிலோ. எங்கள் தெருவில் இந்த வருடம் இரண்டு குழந்தைகள் ஒரு மாதம் முடிவதற்குள் தவறிவிட்டன. கழுதைப்பால் கொடுத்தால் மஞ்சள் காமாலை அண்டாது என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சொட்டுகூட வேண்டாம். ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை முதல் 28 நாளில்தான் இறக்கின்றன. எடை குறைந்த குழந்தை வீடு வந்த பிறகு பயப்பட வேண்டியவை மூன்று: உடம்பு சில்லிடுவது, பால் பற்றாமல் போவது, கிருமித் தொற்று. தெருவில் கறந்து அப்படியே சங்கில் ஊற்றும் பால் மூன்றாவதை வீட்டுக்கே கொண்டுவரும்.

சூட்டுக்குத் தாயின் நெஞ்சுதான் இடம். குல்லா, காலுறை, இடுப்புத்துணி மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திப் படுக்க வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, மூக்கு தெரிய வேண்டும். கால்கள் தவளைபோல் மடிந்திருக்கட்டும். மெல்லிய பருத்தித் துணியால் சேர்த்துக் கட்டுங்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரமாவது. அப்பாவும் நீங்களும் மாறி மாறிச் செய்யலாம். புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். வயிறு சூடாக, பாதம் மட்டும் குளிர்ந்தால் உடனே நெஞ்சில் போடுங்கள். இரண்டும் குளிர்ந்தால் ஆஸ்பத்திரிதான். சின்னக் குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சலே அடிக்காமல் சில்லிட்டும் போகும். குளிப்பாட்டலும் சாம்பிராணிப் புகையும் இப்போது வேண்டாம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியிலும் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். சப்பிக் களைத்துவிட்டால் தாய்ப்பாலைப் பீய்ச்சி, கொதிநீரில் போட்டெடுத்த பாலாடையில் (மூக்கு வைத்த சிறு பால் கிண்ணம்), கடைவாய் ஓரம் சிறிது சிறிதாக விடுங்கள். முழுக்கப் பாலாடையில்தான் என்றால் ஒரு வேளைக்குச் சுமார் 25 மில்லி. இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்பியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘எடை குறைவு, கவனம்’ என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். இதையெல்லாம் செய்துகாட்ட யாருக்கும் நேரமில்லை. 14, 21, 28ஆம் நாள் வீட்டுக்கு வந்து பார்ப்பது அரசு வழிகாட்டலில் இருக்கிறது. கிராமச் செவிலியர் வரவில்லையென்றால் கேட்டு வரவழையுங்கள்.

மஞ்சளுக்கு வருவோம். மூன்றாம் நாள் வாக்கில் பல குழந்தைகளுக்கு மஞ்சள் தெரிந்து, தானாகவே வடியும். கழுதைப்பால்காரர் வருவதும் அந்தச் சமயத்தில்தான். பெயரும் அவருக்கே போகிறது. ஆனால் எல்லா மஞ்சளும் அப்படியல்ல. முதல் நாளே வந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ அன்றே காட்ட வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு மூன்று வாரம் தாண்டியும் போகாவிட்டாலும் காட்டுங்கள். மலம் சுண்ணாம்புபோல் வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சளாகக் கறை பிடித்தால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை 60 நாளுக்குள் நடப்பதே நல்லது. தள்ளிப்போட்டால் ஈரல் கெடும். வெயிலில் காட்டுவது வைத்தியமாகாது, உடம்புதான் சில்லிடும்.

உள்ளே சிக்கியதை எடுப்பதாகத் தொக்கம் எடுப்பவர், சுளுக்கு நீக்குவதாக (உரம் எடுப்பது) சேலையில் உருட்டுபவர் கையிலும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். பால் மூச்சுக்குழாயில் ஏறிவிடலாம்.

பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, வலிப்பு, காய்ச்சல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள். போகும்போதும் நெஞ்சோடு கட்டியே கொண்டு போங்கள். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கே நேராகப் போகக் கேளுங்கள். மூன்று இடம் மாற்றி அனுப்புவதில்தான் பொழுது போகிறது. ‘பெட் இல்லை, தெரிந்த ஆஸ்பத்திரி இருக்கிறது’ என்று வாசலில் சொல்பவர் கமிஷனுக்கு நிற்பவர். ஒரு வயது வரை அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, வண்டி எல்லாம் இலவசம்.