வேலை முடிந்து பொழுதுபோக்காகப் பட்மின்டன் ஆடுகிறேன். இரண்டு வருடமாகியும் ஆட்டம் முன்னேறவில்லை. என்ன செய்யலாம்?

நானும் அப்படித்தான் கிடந்தேன். பரந்தன் பக்கம் ஒரு சனசமூக நிலைய வளவில் சீமெந்துக் கோர்ட். பின்னேரம் ஆறரைக்கு லைற்றைப் போட்டால் ஒன்பதுவரை மட்ச்தான். நான்கு வருடம் ஆடியும், முதல் வருடம் யாரிடம் தோற்றேனோ அவர்களிடமே தோற்றுக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் மாறியது மட்ச் இல்லாத ஒரு மாதத்தில். காலபோக அறுவடை வந்தால் எங்கள் கோர்ட் காலி, எல்லோரும் வயலில். அந்த மாசியில் மிஞ்சியது நானும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும். அறுபது தாண்டியவர். தான் ஓடமாட்டார், என்னை மூலைக்கு மூலை ஓடவிடுவார். இரண்டாம் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, ஸ்மாஷ் அடிச்சுப்போட்டு நிண்டு வடிவு பாக்கிறீர். அதுக்குள்ள கொக் (இறகுப்பந்து) திரும்பி வந்திடுது. முதல்ல சேர்விஸைப் பழகும்."

நெற்றுக்கு மேலே ஒரு சாண் விட்டு நைலோன் கயிறு கட்டினார். கொக் அந்த இடைவெளிக்குள்ளால் போய், நெற்றிலிருந்து 1.98 மீற்றரில் இருக்கும் முன்கோட்டைத் தாண்டி விழவேண்டும். முதல் நாள் 30இல் 7தான் சரி. மாதம் முடிய 20க்கு மேல். இரட்டையர் ஆட்டத்தில் சேர்விஸ் கொஞ்சம் உயர்ந்தாலே எதிராளிக்கு இனாமாக ஒரு ஸ்மாஷ். என் புள்ளிகள் பாதி அங்கேதான் போயிருக்கின்றன. (பழக முதல் நெற்றை அளந்து பாருங்கள். நடுவில் 1.524 மீற்றர் இருக்கவேண்டும். எங்களுடையது தொய்ந்து கிடந்தது!)

அடுத்தது பிடி. நம்மில் பலர் ரக்கெட்டைத் தாச்சி பிடிப்பதுபோல் பிடிக்கிறோம். கை குலுக்குவதுபோல் பிடித்து, விரல்களைத் தளர்வாக வைத்து, அடிக்கும் கணத்தில் மட்டும் இறுக்குங்கள். முதல் இரண்டு கிழமை ஆட்டம் இன்னும் மோசமாகும். விட்டுவிடாதீர்கள்.

கால் விஷயம் சின்னது: எதிராளி அடிக்கும் நேரத்தில் ஒரு குட்டித் துள்ளல். எந்தப் பக்கம் வந்தாலும் கால் எழும்பும்.

வெளிக்கோர்ட்டில் மட்டும் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. சோழகம் வீசும் மாதங்களில் உயர அடித்தால் கொக் எங்கேயோ போகும். அதனால் எல்லாவற்றையும் தாழ்வாகத் தட்டியே பழகிவிடுகிறோம். பின்கோடுவரை தூக்கி அடிக்கும் கிளியர் கைக்கு வராது. நான் முதன்முதல் உள்ளரங்கில் ஆடிய அன்று என் கொக் எல்லாம் நடுக்கோர்ட்டோடு நின்றுவிட்டது. எதிராளி மாங்காய் விழுத்துவதுபோல் அடித்தார். காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் கிளியரை மட்டும் பழகுங்கள்.

ரக்கெட்டில் காசைக் கொட்டாதீர்கள். கெட்டித் தண்டு, 28 இறாத்தல் நரம்பு இழுவை என்று ஒன்றை வாங்கி எனக்கு முழங்கை நோவுதான் மிச்சம். 20 முதல் 23 இறாத்தல் நமக்குப் போதும். மிஞ்சும் காசில் தட்டையான அடியுள்ள சப்பாத்து வாங்குங்கள். ஓட்டச் சப்பாத்தின் தடித்த குதி பக்கவாட்டில் பாயும்போது கணுக்காலைப் பிரட்டிவிடும்.

அப்புறம், உள்ளரங்கில் இறகுக் கொக் பாவிப்பதானால் ஒன்று. அதிலுள்ள 16 இறகும் எங்கள் வெயிலில் காய்ந்து சீக்கிரம் முறியும். முதல்நாள் இரவு கொக் அடுக்கிவரும் குழாயின் வாயைச் சில விநாடி ஆவியில் காட்டி மூடி வைத்தால் கூட நேரம் தாங்கும். எங்களுக்கு அதைச் செய்பவர் அந்த ஆசிரியர்தான், தேத்தண்ணீர்க் கேத்திலிலேயே.