பில்சனில் அருங்காட்சியகமா, ஆலையா?

பிராகில் ஒரே ஒரு நாள்தான் மிச்சம், அப்பா குடிக்க மாட்டார், செக் நாட்டின் இன்னொரு நகரான பில்சனில் இருக்கும் பீர் அருங்காட்சியகம் போவது வீணா என்று கேட்டிருந்தீர்கள். வீணில்லை. ஆனால் அங்கே இரண்டு இடங்கள் உண்டு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய நகருக்குள் இருப்பது அருங்காட்சியகம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது இன்றும் ஓடும் பீர் ஆலை. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஆலைக்கே போங்கள்.

கதையே போதும், குடிக்க வேண்டியதில்லை. 1838-இல் பீர் மட்டமாக இருக்கிறதென்று ஊர்க்காரர்கள் 36 பீப்பாய்களை நகர மன்றத்தின் முன் கொட்டிவிட்டார்கள்! அப்புறம் புது ஆலை கட்டி, ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து பீர் காய்ச்சும் யோசப் க்ரோலை வரவழைத்தார்கள். 1842-இல் அவர் காய்ச்சியது பொன்னிறமாகத் தெளிந்து வந்தது. லேசாக உலர்த்திய மால்ட் (முளைகட்டிய பார்லி), உப்பு குறைந்த தண்ணீர், சாட்ஸ் வட்டாரத்து ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), குளிரில் மெல்ல வேலை செய்து அடியில் படியும் ஈஸ்ட், எல்லாம் சேர்ந்த பலன்.

அந்தக் குளிருக்காகத் தோண்டிய நிலவறைகளில் உங்களையும் நடக்க வைப்பார்கள். கோடையிலும் சில்லென்றிருக்கும், அப்பாவுக்கு ஸ்வெட்டர் கட்டாயம். முடிவில் மரப் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பீர் ஊற்றித் தருவார்கள். அப்பாவின் பங்கை என்ன செய்வதென்று நான் சொல்ல வேண்டியதில்லை.