சுவிஸில் புதிய கா-ஃபௌ லேரேயில் (அலுவலக, வணிக வேலைக்கான தொழிற்பயிற்சி) கணக்கியல் பாடமே இல்லையாமே, மகளை விடலாமா?

விடலாம். ஆனால் எந்தக் கொம்பனியில் விடுகிறீர்கள் என்பது முன்பைவிட இப்போது பல மடங்கு முக்கியம்.

மகள் ஷ்னுப்பருக்கு, அதாவது கொம்பனியில் சில நாள் வேலை செய்து பார்ப்பதற்கு, இடம் தேடுகிற வயதில் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். பத்து வருடத்துக்கு முன் லேரே முடித்த யாரோ ஒரு மச்சாள் தன் பழைய புத்தகங்களைக் காட்டி, "இப்ப இதெல்லாம் படிப்பிக்கிறதில்லை" என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னதில் பாதி சரி.

2012 ஒழுங்கில் பி, ஈ என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. பொருளாதாரமும் சமூகமும் ஒரு பாடம், கணினியும் அலுவலகக் கடிதமும் ஒரு பாடம், மொழிகள் தனித்தனிப் பாடங்கள். 2023 ஆகஸ்டில் தொடங்கியவர்களுக்கு அந்தப் பிரிவுகளும் இல்லை, அந்தப் பாடங்களும் இல்லை. அவற்றின் இடத்தில் ஐந்து செயற்பரப்புகள் வந்திருக்கின்றன: மாறுகிற வேலைச்சூழலில் இயங்குவது, மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்வது, கொம்பனியின் வேலை ஓட்டத்தை ஒழுங்குபடுத்துவது, வாடிக்கையாளர் வழங்குநர் உறவு, கணினித் தொழில்நுட்பம். கணக்கு மூன்றாவது பரப்புக்குள் இருக்கிறது. அட்டவணையில் அதன் பெயர் இல்லாததால் இல்லாமல் போய்விட்டது என்று ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு பற்றுச்சீட்டை வைத்துச் சொல்கிறேன். 40 பெட்டி தாள், பெட்டி 25 பிராங்க், மொத்தம் 1000. பெறுமதி சேர் வரி 8.1 வீதம் சேர்த்து 1081. பழைய தேர்வில் இந்தத் தொகையைக் கொடுத்துப் பதிவை எழுதச் சொல்வார்கள்: பொருட்செலவு 1000, திரும்பப் பெறும் வரி 81, கடன்கொடுத்தோர் 1081. மனப்பாடம் செய்தவர் புள்ளி எடுத்துவிடுவார். புதிய முறையில் பிள்ளையின் கையில் ஓடர், விநியோகச் சீட்டு, பற்றுச்சீட்டு மூன்றும் இருக்கும். விநியோகச் சீட்டில் 38 பெட்டி என்று இருந்தால் அதைப் பிடிக்க வேண்டும், காசு அனுப்பாமல் நிறுத்தி வைக்க வேண்டும், திருத்திய பற்றுச்சீட்டு கேட்டு வழங்குநருக்கு மரியாதையான ஜேர்மனில் மின்னஞ்சல் எழுத வேண்டும், சரியான தொகை 1026.95 என்று தானே கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாம் பொருந்தி, பத்து நாளுக்குள் கட்டினால் 2 வீதம் கழிவு என்று இருந்தால் 1059.38 அனுப்பினால் போதும். பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான். மிஞ்சிய 21.62ஐ அப்படியே பொருட்செலவில் கழித்துவிடுவார்கள். அதில் 20 மட்டுமே பொருளுக்குரியது. மற்ற 1.62 வரி, அதைத் திரும்பப் பெறும் வரிக் கணக்கில்தான் குறைக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆழமாகக் கணக்குப் படிக்க வேண்டுமானால் மூன்றாம் ஆண்டுக்கு 'நிதி' என்ற தெரிவை எடுக்க வேண்டும். நான்கு தெரிவுகள் உண்டு: நிதி, நாட்டு மொழியில் தொடர்பாடல், பிறமொழியில் தொடர்பாடல், தொழில்நுட்பம். பிள்ளை தனியாக இதைத் தெரிவுசெய்ய முடியாது, கொம்பனியோடு சேர்ந்துதான் முடிவு. வரவேற்பு மேசையில் மட்டும் ஆள் தேவைப்படுகிற இடத்தில் போய் நிதி கேட்டால், அங்கே செய்து பழக வேலையே இராது. கணக்கு, வரி வேலை பார்க்கும் ட்ரொய்ஹாண்ட் போன்ற இடம் என்றால் அது இயல்பாகவே அமையும்.

லேரேயோடு பெரூஃப்ஸ்மத்தூர என்ற, மேற்படிப்புக்கு வழிவிடும் சான்றிதழையும் சேர்த்துச் செய்கிறவர்களுக்கு இந்த மாற்றம் பாதிதான். அந்த வகுப்பில் கணக்கியல், மொழிகள், கணிதம் எல்லாம் இன்னும் பெயர் போட்ட பாடங்களாகவே நடக்கின்றன. மகள் பிறகு ஃபாஹ்ஹொக்சூலே (தொழில்சார் பல்கலைக்கழகம்) போக நினைத்தால், புள்ளியும் இடம் கொடுத்தால், அந்த வழியை முதலிலேயே பாருங்கள்.

இனிக் கொம்பனி விசயம். முதல் இரண்டு ஆண்டு கிழமைக்கு இரண்டு நாள் பள்ளி, மூன்றாம் ஆண்டு ஒரு நாள், மற்றதெல்லாம் வேலையிடம். ஒவ்வோர் அரையாண்டு முடிவிலும் கொம்பனிப் பயிற்றுநர் உட்கார்ந்து கதைத்துப் புள்ளி போடுகிறார், அது இறுதிச் சான்றிதழ் வரை போகிறது. அந்தப் புள்ளிக்கு ஆதாரம், பிள்ளை இடையிடையே எழுதி வைக்கும் நடைமுறைப் பணிகள். உதாரணமாக முறைப்பாட்டுத் தொலைபேசி அழைப்பை எடுத்த வேலை. யார் கூப்பிட்டார், என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், எங்கே தடுமாறினேன், அடுத்த முறை என்ன மாற்றுவேன் என்று அன்றைக்கே எழுத வேண்டும். அரையாண்டு முடிய இரண்டு கிழமை இருக்கும்போது ஆறு பணிகளை ஒன்றாக எழுத உட்கார்ந்தால் எல்லாம் ஒரே மாதிரி, "நன்றாகச் செய்தேன்" என்று வரும். பயிற்றுநருக்கு அது உடனே விளங்கும்.

ஆகவே ஷ்னுப்பர் போகும்போது மகள் அங்கே ஏற்கெனவே லேரே செய்கிற பிள்ளையிடம் மூன்று விசயம் கேட்கட்டும். இந்தப் பணிகளை எழுத வேலை நேரத்தில் நேரம் தருகிறார்களா? பயிற்றுநர் கடைசியாக எப்போது உட்கார்ந்து கதைத்தார்? எத்தனை பிரிவுகளுக்கு மாற்றி விடுகிறார்கள்? நேரமே இல்லை, எல்லாம் வீட்டில்தான் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். பெரிய பெயர் உள்ள கொம்பனி என்று மயங்க வேண்டாம்.

நான் சீர்திருத்தத்துக்கு வக்காலத்து வாங்குவதாக யாராவது எழுத முன் சொல்லிவிடுகிறேன்: இதில் குறை உண்டு. ஒரு பயிற்றுநர் தாராளமாகப் போடுவார், இன்னொருவர் கையிறுக்கம், இருவரையும் ஒரே தராசில் வைப்பது கடினம். பாடம் பாடமாகக் கற்பித்துப் பழகிய ஆசிரியர்களை ஒரே வகுப்பில் சட்டமும் கணக்கும் மொழியும் கலந்து எடுக்கச் சொன்னதும் சுமைதான். முதலில் 2022இல் தொடங்க இருந்ததை எதிர்ப்புகளுக்குப் பிறகு ஓராண்டு தள்ளினார்கள். இரண்டாவது பிறமொழியைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்று அப்போது பெரிய சண்டை. கடைசியில் எல்லாருக்கும் இரண்டு பிறமொழி என்றும், இரண்டாவதை ஆழமாகப் படிப்பது, தனித் திட்டப்பணி செய்வது இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம் என்றும் முடிந்தது. பிரெஞ்சில் பயம் உள்ள பிள்ளைகள் திட்டப்பணி பக்கம் ஓடுகிறார்கள். இரண்டு மொழி தெரிந்தவருக்கு இந்த நாட்டில் கிடைக்கிற வேலை வாய்ப்பை நினைத்தால், ஓடவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், மனதில் கிடந்து உறுத்துகிறது. நம்மவர் நடத்தும் சில ரியூசன்களில் பழைய முறைத் தேர்வுத் தாள்களையே இன்னும் பிள்ளைகளுக்குக் கொடுத்துக் காசு வாங்குகிறார்கள். புதிய முறையில் செய்முறைத் தேர்வு வாய்மொழியாக, ஒரு சம்பவத்தைக் கொடுத்து நடக்கிறது. அதற்குப் பழைய தாள் உதவாது. பிள்ளையை எதிரே இருத்தி, நீங்கள் கோபமான வாடிக்கையாளராகக் கதையுங்கள், அது உதவும். இதோடு இன்னொன்று: கல்யாண வீட்டில் "ஜிம்மிக்குப் (பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தம் செய்யும் உயர்பள்ளி) போகேல்லையோ, வெறும் கா-ஃபௌவோ" என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே கேட்கிற பழக்கம். இந்த நாட்டில் அதிகம் பேர் தெரிவுசெய்யும் லேரே அதுதான். பதினைந்து வயதுப் பிள்ளை முப்பது விண்ணப்பம் எழுதி, நேர்முகத்தில் தனியாக உட்கார்ந்து பிடித்த இடத்துக்கு "வெறும்" என்று பெயரா?

ஒப்பந்தத்துக்கு வந்தால், பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும், மாநிலமும் அனுமதிக்க வேண்டும். சோதனைக் காலம் ஒன்று முதல் மூன்று மாதம், அதற்குள் ஏழு நாள் அறிவித்தலில் இரு பக்கமும் விலகலாம். அந்த மாதங்களில் முதல் நடைமுறைப் பணி எழுதப்பட்டதா, பயிற்றுநர் அதை வாசித்தாரா என்று மகளிடம் கேளுங்கள். மூன்றாம் மாதம் வரை ஒன்றுமே நடக்கவில்லை என்றால், சோதனைக் காலம் முடிய முன் மாநிலத்தின் தொழிற்பயிற்சி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுங்கள்.