வெளியூர்ப் பணமும் உங்கள் ஊர்ப் பள்ளி வாரியமும்

கேள்வி: டாலஸ் புறநகரில் இருக்கிறோம். எனக்குப் போன வருடம்தான் அமெரிக்கக் குடியுரிமை வந்தது. மே மாதப் பள்ளி வாரியத் தேர்தலுக்கு, கேள்விப்படாத ஏதோ ஒரு குழுவிடமிருந்து பளபளப்பான அட்டைகள் தபாலில் வந்தபடி இருக்கின்றன. பின்னால் யார் பணம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் ஒரு ஓட்டால் என்ன ஆகப்போகிறது?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இந்தத் தேர்தலில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட ஓட்டுப் போடாத ஊர்கள் நிறைய உண்டு. வெளிப் பணத்துக்கு வலு வருவதே அதனால்தான். 2022இல் உங்கள் பக்கத்து டாரண்ட் கவுன்டியில், பேட்ரியாட் மொபைல் என்ற பழமைவாதக் கிறிஸ்தவ செல்போன் நிறுவனத்தின் அரசியல் குழு நான்கு பள்ளி மாவட்டங்களில் 11 வேட்பாளர்களுக்காகச் சுமார் 6 லட்சம் டாலர் செலவழித்தது. 11 பேரும் ஜெயித்தார்கள். ஒரு தரப்பு மட்டும் இப்படிச் செய்வதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் 2017இல் சார்ட்டர் பள்ளி (அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் பள்ளி) ஆதரவாளர்களும் ஆசிரியர் சங்கமும் மோதியபோது மொத்தச் செலவு சுமார் ஒன்றரைக் கோடி டாலர். வெளிப் பணம் வாங்கியவர் என்பதற்காகவே ஒருவரைத் தள்ளிவிட வேண்டாம். கொடுத்தவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று பாருங்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? அட்டையைத் திருப்பி, ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். அரசியல் விளம்பரம் என்ற குறிப்பும் பணம் கொடுத்தவர் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். அந்தப் பெயரை, தேர்தல் பணக் கணக்குகளைப் பெறும் மாநில அமைப்பான டெக்சாஸ் எதிக்ஸ் கமிஷன் இணையதளத்தில் தேடினால், மாநில அளவில் பதிவான குழுவாக இருந்தால் அதன் வரவு செலவு கிடைக்கும். வேட்பாளரின் கணக்கு அங்கே இருக்காது, பள்ளி மாவட்டத்தின் சொந்தத் தளத்தில்தான் இருக்கும். தேர்தலுக்கு 30 நாள் முன்பு ஒன்று, 8 நாள் முன்பு ஒன்று என இரண்டு அறிக்கைகள். நன்கொடைப் பக்கத்தில் தொகையை மட்டும் பார்க்காமல், கொடுத்தவரின் ஊரையும் பாருங்கள். மிகக் குறைவாகச் செலவு செய்பவர்கள் இந்த இரண்டு அறிக்கைகளிலிருந்தும் விலக்குப் பெறலாம். அதனால் அறிக்கை இல்லாததை வைத்து ஒருவரைச் சந்தேகிக்காதீர்கள். குழுக்கள் தனியாக அடித்து அனுப்பும் அட்டைகளின் செலவு பெரும்பாலும் வேட்பாளர் கணக்கில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாக்காளராகப் பெயரைப் பதிவு செய்யத் தேர்தலுக்கு 30 நாள் முன்பு வரைதான் அவகாசம். அப்புறம், வீட்டில் மற்றவர்கள் விஷயம். கிரீன் கார்டில் இருப்பவர் மறந்தும் வாக்காளராகப் பதிவு செய்துவிடக் கூடாது. நாடுகடத்தல் வரை போகும். ஹெச்-1பி விசாவில் இருப்பவர் வேட்பாளருக்கு நன்கொடையே கொடுக்கக் கூடாது. ஆனால் வாரியக் கூட்டங்களில் எல்லாப் பெற்றோரும் பேசலாம். பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்டை நியமிப்பதும், உங்கள் வீட்டு வரியில் பெரிய துண்டான பள்ளி வரியை நிர்ணயிப்பதும் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஏழு பேர்தான். தேர்தலுக்கு முன்பே ஒரு கூட்டத்துக்குப் போய்வாருங்கள். இப்போது பதவியில் இருக்கும் வேட்பாளர் பட்ஜெட் பற்றி என்ன கேட்கிறார் என்பது எந்த அட்டையிலும் இருக்காது.