சர்வீஸ் விழுந்த பிறகும் 'தொடங்கியது' என்று காட்டும் கருவி

லினக்ஸில் சர்வீஸ்களை, அதாவது பின்னணியில் ஓடும் புரோக்ராம்களை, தொடங்கும் உங்கள் கருவி, ஸ்டார்ட் கொடுத்ததும் 'தொடங்கியது' என்கிறது, அடுத்த நொடியே சர்வீஸ் விழுந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு உங்கள் கோடில் இல்லாமலும் இருக்கலாம். சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிப்பது சிஸ்டம்டி; ஒரு சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று அதற்குச் சொல்வது யூனிட் ஃபைல். அந்த ஃபைலில் டைப் 'சிம்பிள்' என்றிருந்தால், புதிய புராசஸ் உருவானதுமே சிஸ்டம்டி வேலை முடிந்ததாகச் சொல்லிவிடும். ஓட வேண்டிய புரோக்ராமே அங்கே இல்லாவிட்டாலும் வெற்றிதான்! 'எக்ஸெக்' என்று மாற்றினால் அந்த ஓட்டையாவது அடைபடும். சர்வீஸும் நீங்கள் எழுதியதே என்றால் 'நோட்டிஃபை' வையுங்கள். தயாரானதும் சர்வீஸே சிஸ்டம்டிக்கு 'ரெடி=1' என்று அனுப்ப வேண்டும், அதுவரை ஸ்டார்ட் காத்திருக்கும்.

அப்புறம், தோற்றால் வெறுமனே 'ஃபெயில்டு' என்று சொன்னால் யாருக்கு என்ன புரியும்? ஜர்னலில் (சிஸ்டம்டியின் பதிவேட்டில்) இருந்து அந்த சர்வீஸின் கடைசிப் பத்து வரிகளை அங்கேயே காட்டுங்கள். கருவி முடியும்போது திருப்பித் தரும் எண்ணான எக்ஸிட் கோடும் பூஜ்யமாக (வெற்றி என்று பொருள்) இருக்கக் கூடாது, ஸ்கிரிப்டுகள் அதைத்தான் பார்க்கும். கலர் சேர்ப்பதெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.